ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் தேதி வேண்டும்

இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். ஏதாவது ஒரு மெடிக்கல் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "அண்ணே, காய்ச்சல் மாத்திரை நாலு குடுங்க" என்று யாராவது கேட்பார். கடைக்காரர் பத்து மாத்திரை அட்டையை எடுத்து, கத்தரியால் நாலை வெட்டித் தருவார். எக்ஸ்பயரி தேதி, பேட்ச் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்), விலை எல்லாம் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். மிச்சத்தை விற்கும்வரை அந்த ஓரம் அவரிடம் இருந்தாக வேண்டும். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆக, மாத்திரை நம் வீட்டுக்கு வரும், தேதி கடையிலேயே தங்கிவிடும்.

இரண்டு போட்டதும் காய்ச்சல் விட்டுவிடும். மீதி இரண்டும் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போய், அங்கே ஏற்கெனவே கிடக்கிற துண்டுகளோடு சேரும். பல மாதம் கழித்து, கடையெல்லாம் அடைத்த நேரத்தில் யாருக்காவது உடம்பு சுட்டால் டப்பாவைத் திறக்கிறோம். வெள்ளித்தாளில் கம்பெனி பெயர் பாதி, மருந்தின் பெயர் பாதி. விழுங்கினாலும் குத்துமதிப்பு, தூக்கி எறிந்தாலும் குத்துமதிப்பு.

முழு அட்டையாக வாங்கினால் மட்டும் என்ன வாழ்கிறது? பல அட்டைகளில் மையே இல்லாமல் அழுத்திய எழுத்து. டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால்தான் 6-ஆ 8-ஆ என்று புரியும்.

தேதி தாண்டிய மறுநாளே மாத்திரை விஷமாகிவிடாது என்பது சரிதான். அமெரிக்க ராணுவக் கையிருப்பில் இருந்த 122 மருந்துகளைச் சோதித்து 2006-இல் வெளியான முடிவின்படி, 88 சதவீதத் தொகுதிகளுக்கு ஓராண்டாவது ஆயுளை நீட்டிக்க முடிந்தது. ஆனால் அவை பிரிக்காமல், முறையாகப் பாதுகாத்த சரக்கு. நம் துண்டு அட்டை மே மாத வேலூரில், ஓட்டு வீட்டு அலமாரி மேல் கிடக்கிறது. கத்தரி கொஞ்சம் தவறிப் பட்டிருந்தால் ஈரக்காற்றும் உள்ளே போயிருக்கும். அதோடு, தேதி தாண்டியதா இல்லையா என்று தெரிந்தால்தானே இந்த வாதத்துக்கே இடம்!

மருந்தின் பெயர் அச்சான தாள் சுருளாக வருகிறது, பேட்சும் தேதியும் பேக்கிங் செய்யும்போது பதிகிறோம், அதனால்தான் ஒரே ஓரம் என்று கம்பெனிகள் சொல்லும். இருக்கட்டும். மருத்துவமனைகளுக்கென்று ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனியாக மருந்தின் பெயர், பேட்ச், தேதி அச்சிட்ட அட்டைகள் வெளிநாடுகளில் வெகுகாலமாகவே இருக்கின்றன. 2023 ஆகஸ்ட் முதல் 300 பிராண்டுகளுக்கு, ஸ்கேன் செய்தால் பேட்சும் தேதியும் காட்டும் கியூஆர் குறியீடு கட்டாயமானது, நல்ல காரியம். ஆனால் அட்டையில் இடமில்லையென்றால் வெளிப்பெட்டியில் போடலாம் என்று சலுகை இருக்கிறது. நாலு மாத்திரை வாங்குகிறவர் பெட்டியை எங்கே பார்க்கப் போகிறார்?

அதே 300 பிராண்டுகளில் தொடங்குங்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் மருந்தின் பெயர், அளவு, பேட்ச், காலாவதி மாதம், அதுவும் கறுப்பு மையில். இதற்குக் கம்பெனிகள் அவகாசம் கேட்கும், கொடுங்கள். அதுவரைக்கும் ஒரு சுற்றறிக்கை போதும். காகிதக் கவரின் மேல் 'காலை 1, இரவு 1' என்று கடைக்காரர்கள் எழுதித்தானே தருகிறார்கள்? அதற்குக் கீழேயே பேட்ச் எண்ணையும் எக்ஸ்பயரி மாதத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சில்லறையாக மாத்திரை வாங்கும் ஒருவர்