ஒன்தாவுக்குப் போய் வா

அன்புள்ள யாழினி,

ஜப்பானில் ஒரு நாள்தான் லீவு, பீங்கானுக்குப் பேர்போன அரிதாவுக்குப் போகட்டுமா, மண்பாண்டம் வனையும் மலைக் கிராமமான ஒன்தாவுக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். ஒன்தாவுக்கே போ. அரிதாவில் பீங்கான் அழகுதான். ஆனால் மலை மண் தட்டாக மாறும்வரை எல்லா வேலையையும் ஒரே தெருவில் பார்க்க வேண்டுமென்றால் ஒன்தாதான். ஹிதா நகரிலிருந்து மலைக்குப் போகும் பஸ் குறைவு. திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்.

இறங்கியதும் கடைக்குள் நுழையாதே. ஓடைப் பக்கம் போய் நில். அங்கே மண் இடிக்கும் மர உலக்கைகள் இருக்கும். நீளமான மரக்கட்டையின் ஒரு முனையைக் குடைந்திருப்பார்கள். அதில் தண்ணீர் நிரம்பியதும் அந்த முனை தாழும், தண்ணீர் கொட்டும், மறுமுனை தொப்பென்று மண்மேல் விழும். ஏற்றம் போல இரவும் பகலும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு ஈடு மண் பொடியாக இருபது நாளுக்கு மேல் ஆகும். ஓடைத் தண்ணீர் இடித்துக் கொடுக்கிற மண் அளவுக்குத்தான் வேலை. அதனால்தான் 1705-இல் தொடங்கிய தொழில் இன்றும் ஏறக்குறைய பத்துக் குடும்பங்களோடு நிற்கிறது. 2017 ஜூலை பெருமழையில் பல உலக்கைகள் சேதமாயின. மோட்டார் வைத்துவிடாமல் மரத்திலேயே மறுபடி செய்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அங்கே ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பிள்ளைக்கு மட்டும்தான் தொழிலைக் கொடுப்பார்கள், அது நியாயமா என்றும் கேட்டிருந்தாய். எனக்கும் அது உறுத்துகிறது. வெளியாள் கிடையாது, பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதும் கிடையாது. சக்கரத்தில் உட்கார ஆசைப்பட்ட இன்னொரு பிள்ளை என்ன செய்யும்? அதைச் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாத்திரத்தில் ஊர்ப் பெயரைத் தவிர வனைந்தவர் பெயரைப் போடாத வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. 1931-இல் நாட்டுப்புறக் கைவினையைப் போற்றிய ஜப்பானிய அறிஞர் யானகி சோயெட்சு வந்து புகழ்ந்தார், 1954-இல் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் தங்கி வேலை செய்தார். அதற்குப் பிறகும் ஒன்தாக் குயவர்கள் தனிப் பெயர் தேடிப் போகவில்லை.

முடிந்தால் யாராவது தட்டில் புள்ளி வேலைப்பாடு போடுவதைப் பார். பாதி காய்ந்த தட்டில் வெண்மண் கரைசல் பூசியிருக்கும். அது சுழலும்போது வளையும் மெல்லிய இரும்புத் தகட்டை லேசாக வைப்பார்கள். தகடு துள்ளித் துள்ளி வெண்மையைக் கொத்தும், அடியிலிருக்கும் கருமண் புள்ளி புள்ளியாக வெளியே வரும். கண் சிமிட்டுவதற்குள் தட்டு முழுக்க நிறைந்துவிடும்.

அப்புறம், எனக்கு ஒரு சோற்றுத் தட்டு வாங்கி வா. நடுவில் மினுப்பில்லாத வளையம் இருந்தால் குறை என்று ஒதுக்கிவிடாதே. சூளையில் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிச் சுட அப்படி விடுவார்கள். துணிக்குள் சுற்றிக் கைப்பையிலேயே வைத்துக்கொள், பெட்டியில் போடாதே.

அன்புடன்,
அம்மா