அய்யனார் கோயில் சுதை வேலை நிறைவு: துப்பாக்கிக்காரருக்கு ஏன் பெயர்ப்பலகை வைக்கவில்லை

தலைக்கட்டுக்காரர்களுக்கும் வெளியூரில் இருந்து பணம் அனுப்பிய பங்காளிகளுக்கும் வணக்கம். வாசலில் உள்ள இரண்டு குதிரைகள், பூதம், கையில் துப்பாக்கியோடு நிற்பதால் நாம் துப்பாக்கிக்காரர் என்று சொல்லும் சிலை என எல்லாச் சுதை வேலையும் முடிந்துவிட்டது. வரவு செலவு மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறது, வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிட்டோம்.

பழைய எனாமலைச் சுரண்டி எடுக்கத்தான் அதிக நாள் பிடித்தது. உள்ளே இறங்கிய மழைநீர் அந்தப் பூச்சைத் தாண்டி வெளியேற முடியாமல் குதிரையின் கழுத்தில் காரை உப்பி நின்றது. ஸ்தபதி சிமெண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பும் மணலும் கலந்து கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த சாந்தைத்தான் பூசினார்.

அப்புறம் துப்பாக்கிக்காரர். சாமி கோயிலில் துப்பாக்கி எதற்கு, அரிவாளாக மாற்றிவிடலாம் என்று சிலர் கேட்டார்கள். சிலர், இருக்கட்டும், ஆனால் யார் என்று பலகை வையுங்கள் என்றார்கள். சரி, யார் என்று ஊரில் விசாரித்தோம். மேலத்தெருவில் கருப்பரின் காவலாள் என்கிறார்கள். கீழத்தெரு அப்பத்தா ஒருவருக்கு அது பட்டாளத்தில் பர்மாவுக்குப் போய்த் திரும்பாத அவருடைய பெரியப்பா, சிறு வயதில் இருந்தே அந்தக் காலடியில் விளக்கு வைக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கோ அவர் போலீஸ், பரீட்சைக்குப் போகும்போது சல்யூட் அடித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒற்றைக்காலில் தவம் செய்பவர் அர்ச்சுனன், எதிரே சிவன் வரம் தருகிறார் பாருங்கள் என்பார் ஒருவர். இல்லை, பகீரதன், பாறைப் பிளவில் நாகர்கள் இருக்கிறார்கள், மேலே தண்ணீர் தேக்கிய தடம் இருக்கிறது, இறங்குவது கங்கைதான் என்பார் இன்னொருவர். 7ஆம் நூற்றாண்டில் செதுக்கியது, இன்னும் அதன் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம். குழந்தைகளுக்கு இரண்டு பேரும் வேண்டாம், தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றி நிற்கும் எலிகளும் போதும்.

பலகை வைத்தால் அப்பத்தாவின் பெரியப்பாவை நாமே கீழே இறக்கிவிட்ட மாதிரி ஆகும். அதனால் வைக்கவில்லை, துப்பாக்கியையும் தொடவில்லை. காலடியில் விளக்கு காற்றில் அணைந்துகொண்டே இருந்ததால் சின்னதாக ஒரு மாடம் மட்டும் கட்டியிருக்கிறோம். அப்பத்தா வந்து பார்த்தார், மீசை கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்றார். ஸ்தபதி அன்று மாலையே சாரத்தில் ஏறிச் சரிசெய்து கொடுத்தார்.