இரட்டைச் சடை பின்னிய செவிலியருக்கு

இதய ஓட்டையை அடைக்கும் சிகிச்சை முடிந்து மகள் வீடு திரும்பி இன்றோடு நான்கு நாள்கள் ஆகின்றன. நடந்ததெல்லாம் உங்களில் பெரும்பாலோர் அறிந்ததே. எனவே நன்றி சொல்வதற்காக மட்டுமே இதை எழுதுகிறேன்.

இதயத்தின் இரு மேலறைகளுக்கும் இடையே உள்ள சுவரின் ஓட்டையைத் தொடைச் சிரை வழியே குழாய் செலுத்தி அடைப்பதுதான் வழக்கம். என் மகளுக்கோ கீழுடலின் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் கீழ்ப்பெருஞ்சிரை இடையிலேயே அற்றுப்போய், அந்த இரத்தம் அசைகஸ் என்னும் சிரை வழியாக முதுகோரம் ஏறி, மேலிருந்து இதயத்துக்கு இறங்கும் மேல்பெருஞ்சிரையில் கலக்கிறது. எனவே தொடை வழி உதவாது. நெஞ்சைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று முதலில் காட்டிய இடத்தில் சொல்லிவிட்டார்கள். வலப்பக்கக் கழுத்துச் சிரை வழியாக இறங்கலாம், மேலிருந்து வரும் குழாயின் கோணம் சுவருக்கு எளிதில் ஒத்துவராது, ஆனாலும் முயலலாம் என்று எதையும் மறைக்காமல் சொல்லிப் பொறுப்பேற்ற மருத்துவருக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

ஆனால் இந்த நான்கு நாள்களும் என் கண்முன் நிற்பவர், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் நான் வந்துவிட்ட அந்த இரவுப் பணிச் செவிலியர்தான். கழுத்தில் ஊசி என்று தெரிந்ததும் மகள் கேட்ட ஒரே கேள்வி, முடியை வெட்டிவிடுவார்களா என்பது. இடுப்பு வரை நீண்ட முடி; பின்னிவிட அவள் அம்மா அங்கில்லை, கைக்குழந்தையோடு தாராபுரத்தில் இருந்தாள். விடியற்காலையில் அந்தச் செவிலியர் சீப்போடு வந்து கட்டிலில் அமர்ந்தார். வகிடெடுத்து இரண்டு சடை பின்னி, இரண்டையும் இடப்பக்கமாகத் தூக்கி உச்சியில் சுற்றி, கிளிப் வைத்தால் படத்தில் நிழல் விழும் என்று காஸ் துணியை நாடாவாகக் கிழித்து முடிந்தார். “அம்மா இன்னும் இறுக்கமாப் பின்னுவாங்க” என்றாள் மகள். பணி நேரம் முடிந்திருந்தும், அவர் ஒரு சொல்லும் பேசாமல் அவிழ்த்து, முதலிலிருந்து இறுக்கிப் பின்னினார். அதன்பிறகு என் மகள் அழவில்லை.

நிட்டினால் என்னும் உலோகக் கலவைக் கம்பிகளால் பின்னி, ஓட்டையை அடைக்க வைத்த இரட்டைத் தட்டு சுவரின் இருபுறமும் பற்றி நின்றதை மருத்துவர் படத்தில் காட்டியபோது, எனக்கு அந்தச் சடைகள்தான் நினைவுக்கு வந்தன. தொடையில் குழாய் செலுத்தாததால் காலை அசைக்காமல் மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை; மாலையிலேயே அவள் கழுத்தில் சிறு பிளாஸ்திரியோடு எழுந்து அமர்ந்து இட்லி கேட்டாள்.

மயக்க மருந்து கொடுத்தவர், தொண்டை வழியே எக்கோ என்னும் ஒலியலைப் படம் பார்த்து வழிகாட்டியவர், இரத்தம் கொடுக்கத் தயாராக வந்து காத்திருந்த நண்பர்கள், காப்பீட்டுத் தாள்களுக்காக எனக்குப் பதில் வரிசையில் நின்ற அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் நன்றி. 1975இல் நியூ ஆர்லியன்சில் இத்தகைய ஓட்டையை முதன்முதலில் குழாய் வழியே அடைத்த டெரி கிங், நோயல் மில்ஸ் இருவரையும் இந்த வரிசையில் சேர்க்கவே மனம் விரும்புகிறது.

அடுத்த மாதம் எக்கோ பரிசோதனைக்கு வருகிறோம். அதற்குள் நான் சடை பின்னக் கற்றுக்கொள்வேன். அந்தக் காஸ் நாடாக்களைத் துவைத்து வைத்திருக்கிறேன். அவற்றையே கட்டி, அவளை உங்கள் முன் அழைத்து வருவேன், சிஸ்டர்.