ஒரே ஒரு கோபுரம்

திருவான்மியூர்,
ஜூலை 20.

அன்புள்ள சரோ,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அதற்காக மறுபடியும் மாடிக்கு ஏறி வடாம் காயவைக்கப் போய்விடாதே. எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது கண்ணாடி இல்லாமலேயே ஊசியில் நூல் கோக்கிறேன்.

நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததுதான் மனதைவிட்டுப் போகவில்லை. உன் வீட்டுத் தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும் மாணவர்கள் கையில் கட்டியிருக்கும் சாதிக் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே தள்ளித் தள்ளி நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிப் பிள்ளைகளே தங்களோடு படித்த பையனின் வீட்டுக்குள் புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்களே, அன்று இரவு நீ தொலைபேசியில் பேசமுடியாமல் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமர்த்திய நீதியரசர் சந்துரு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிற்றைத் தடைசெய்யச் சொன்னார். "கயிற்றை அறுத்துவிடலாம். கட்டத் தோன்றிய மனதை என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறாய். கயிற்றை அறுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த மனம் பதினாறு வயதில் முளைத்தது அல்ல. மூன்று நான்கு வயதிலேயே நாம் அதற்குப் பாத்தி கட்டிவிடுகிறோம்.

தை மாதத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் காலையில் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு சின்ன மாண்டிசோரிப் பள்ளிக்குக் கதை சொல்லப் போகிறேன். போன வாரம் அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒரு சாதனம் உண்டு. ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை பத்து மரக் கட்டைகள், பெரியதன்மேல் சிறியதாக அடுக்க வேண்டும். அறையில் இருபத்திரண்டு குழந்தைகள், கோபுரம் ஒன்றே ஒன்றுதான். வேண்டுமென்றேதான் ஒன்று வைத்திருக்கிறார்கள். நான்கு வயதுப் பெண் ஒருத்தி பாயை விரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அதே கோபுரத்துக்காக ஒரு பையன் வந்தான். கை நீளும், கட்டை பறக்கும், அழுகை கேட்கும் என்று நான் பாதி எழுந்துவிட்டேன். அக்கா (ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்) என் தோளைத் தொட்டு உட்காரவைத்தார்.

அவன் பாயின் ஓரத்தை மிதிக்காமல் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவள் இரண்டு முறை தப்பாக அடுக்கிக் கலைத்தாள். அவன் வாய் திறக்கவில்லை. கடைசிக் கட்டை, அந்தப் பட்டாணி அளவுக் கட்டை, அவள் கையிலிருந்து நழுவி அலமாரிக்கு அடியில் உருண்டது. அவன் தரையோடு கன்னத்தை வைத்துக் கையை விட்டுத் துழாவி எடுத்து, தூசியைச் சட்டையில் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதை உச்சியில் வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப்போய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பாயைச் சுருட்டினாள். அதன் பிறகுதான் அவன் எழுந்தான். "விட்டுக்கொடுக்க வேண்டும்" என்று அந்தப் பையனுக்கு அன்று யாரும் பாடம் நடத்தவில்லை. தன் முறை வரும், வந்தால் தன்னை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு நம்பிக்கை இருக்கும் குழந்தை எதற்காகப் பறிக்கப் போகிறது?

உன்னிடம்கூட இதுவரை சொல்லாத ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன். நான் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தான். எல்லாரும் பார்க்க, "கையை நீட்டு" என்று சொல்லி மர ஸ்கேலால் நான்கு அடி கொடுத்தேன். அவன் அழவில்லை. இடைவேளையில் குழாயடிக்குப் போனபோது அவன் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் "கையை நீட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். என் குரல், என் நிற்பு, என் புருவம், எல்லாம் அப்படியே. அன்றோடு ஸ்கேலைத் தொடுவதை விட்டேன். கல்வி உரிமைச் சட்டம் அடிக்கக் கூடாது என்று 2009-ல் சொன்னது. எனக்கு அதை ஒரு குழாயடி அதற்கு வெகுமுன்பே சொல்லிவிட்டது. அடி வாங்கிய கை தனக்குக் கீழே ஒரு கையைத் தேடுகிறது, சரோ. சாதி அந்தக் கையை ஆயத்தமாக எடுத்துக் கொடுத்துவிடுகிறது. உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

இந்த முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907 ஜனவரி 6-ல் தொடங்கியது ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிப் பாழாக்குகிறார்கள், அவர்களை ஓரிடத்தில் அடைத்துவைத்தால் போதும் என்பதுதான் கட்டட உரிமையாளர்களின் எண்ணம். ஒருநாள் அந்த அம்மையார் குழந்தைகளுக்குச் சத்தம் வராமல் மூக்குச் சிந்துவது எப்படி என்று கைக்குட்டையை வைத்துச் செய்து காட்டினாராம். முடித்ததும் குழந்தைகள் எல்லாரும் கை தட்டினார்களாம். ஒழுகும் மூக்குக்காகத் தினமும் திட்டு வாங்கிய குழந்தைகள் அவர்கள். கேலி இல்லாமல், திட்டாமல், அதை முதன்முதலாக ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மரியாதை கிடைத்ததற்கான கைதட்டல் அது. எனக்கு இதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. நம் வகுப்புகளில் மூக்கு ஒழுகிய எத்தனை பிள்ளைகளை "போய்க் கழுவிக்கொண்டு வா" என்று விரட்டியிருக்கிறோம்!

இந்தக் கல்வி யாருக்குப் பிடிக்கவில்லை என்று பார்த்தாலே இதன் பலம் தெரிகிறது. முசோலினி முதலில் அவர் பள்ளிகளுக்கு ஆதரவு தந்தான். சொன்னதைச் செய்யும் படை அங்கிருந்து வராது என்று தெரிந்ததும் உறவு முறிந்து, 1934-ல் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜிகளும் மூடினார்கள். இத்தாலியை விட்டு ஸ்பெயினுக்குப் போனார், அங்கே உள்நாட்டுப் போர் வந்தது. ஹாலந்துக்குப் போனார். 1939-ல் நம் அடையாறுக்கு வந்தார்! பிரம்மஞான சபையில் ஏறக்குறைய முந்நூறு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு அவர் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். மகன் மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பரிசாக மகனை விடுவித்தார்கள். பிறகு கொடைக்கானலில் சில ஆண்டுகள். நான் அடையாற்றுப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: உலகமே குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, குழந்தையிலிருந்துதான் சமாதானம் வரும் என்று ஒரு கிழவி இந்த ஆலமரங்களுக்கு நடுவே பாடம் நடத்தியிருக்கிறார். காந்தியும் 1931-ல் லண்டனில் அவருடைய பயிற்சிக் கல்லூரியில் பேசியபோது, உண்மையான சமாதானம் வேண்டுமானால் குழந்தைகளிடம்தான் தொடங்க வேண்டும் என்றார்.

ஒரு வருத்தமும் இருக்கிறது. சேரிக் குழந்தைகளுக்காகப் பிறந்த முறை இங்கே பணக்காரர்கள் வாங்கும் பொருளாகிவிட்டது. பெயர்ப்பலகையில் மட்டும் மாண்டிசோரி என்று எழுதிவைத்து, உள்ளே மூன்று வயதுக் குழந்தைக்கு ரேங்க் போடும் இடங்களும் உண்டு. கட்டணத்தாலேயே பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்துவிட்டுச் சமாதானம் பேசினால் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரே பாயில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உட்கார வேண்டும், சரோ.

அது நடக்கக் கூடியதுதான் என்று நம் இருவருக்கும் தெரியும். செயல்வழிக் கற்றல் வந்த நாட்களை நினைத்துப் பார். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் வந்தது. பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டுப் பாயில் உட்கார்ந்தோம். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் சுவர் முழுக்கக் கரும்பலகை, தலைக்கு மேலே அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அட்டையைப் படித்துக் காட்டும். பாடங்களை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் அவரவர் நிற்கும் இடம் அவரவருக்குத் தெரியும், ஆனால் முதல் ரேங்க் என்று ஒருவரும் இல்லை. குறைகள் இருந்தன. அட்டை நிரப்புவதே வேலையாகிப் போன நாட்களும் உண்டு. ஆனாலும் அந்த ஆண்டுகளில் என் வகுப்பில் "டீச்சர், இவன் அடிச்சிட்டான்" என்ற புகார் குறைந்தது உண்மை. யார் யாரோடு சேர்ந்து படிக்க வேண்டுமோ, அவரோடு அவருக்கு வேலை இருந்தது. இவன் எந்தத் தெரு என்று கேட்க நேரமில்லை.

இதனால் நாங்குநேரிகள் நின்றுவிடும் என்று நான் சொல்லவரவில்லை. வீட்டில் தாத்தா சொல்லும் கதையையும் தெருவில் இருக்கும் சுவரையும் பள்ளி மட்டும் வென்றுவிடாது. ஆனால் வென்றாக வேண்டியவனுக்குக் கைப்பிடிக்க ஒரு கயிறு வேண்டுமே, சாதிக் கயிறு அல்லாத ஒன்று. நான்கு வயதில் தன் பக்கத்தில் உட்கார்ந்து சின்னக் கட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தவன் எந்தத் தெருக்காரன் என்பது அந்தப் பெண்ணுக்கு ஒருநாள் தெரியவரும். அதற்கு முன்பே அவளுக்கு அவனைத் தெரிந்திருக்கும்.

உன் வீட்டுக்கு எதிரே அங்கன்வாடி இருக்கிறது என்றாயே, அந்த அம்மாவிடம் பேசு. இரண்டு தெருப் பிள்ளைகளும் அங்கேதானே வருகிறார்கள். அவர்களுக்காக உப்புத்தாளில் எழுத்துகள் வெட்டி, தடித்த அட்டையில் ஒட்டிவைத்திருக்கிறேன். இரண்டு விரலால் எழுத்தின் போக்கிலேயே தடவச் சொல்ல வேண்டும், நாம் அவசரப்படுத்தக் கூடாது. ஒரு எழுத்துக்கு ஒரு அட்டைதான். இன்னொன்று கேட்காதே. அ முதல் ஔ வரை முடிந்துவிட்டது. ஃ மட்டும் பாக்கி, உப்புத்தாள் தீர்ந்துவிட்டது. நாளை கடைக்குப் போய் வாங்கி, அதையும் ஒட்டி, வியாழக்கிழமை பார்சலில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி