வரிக்குக் கிடைத்த விலக்கு இதற்கும் வேண்டும்

மாண்புமிகு ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். அயல்நாட்டு முதலீட்டு ஒப்பந்தங்களுக்கான 2016 மாதிரி வரைவை முதலீட்டாளர்களுக்கு இன்னும் சாதகமாக மாற்றப்போவதாக 2025 பட்ஜெட் உரையில் சொன்னீர்கள். தாராளமாக மாற்றுங்கள். ஆனால், சமூக ஊடகங்களை ஒழுங்குபடுத்தும் சட்டங்களை எதிர்த்துப் அயல்நாட்டு நிறுவனங்கள் நம் அரசைப் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்கு இழுக்க முடியாது என்று ஒரு வரி சேருங்கள். முன்தேதியிட்டுப் போட்ட வரியை எதிர்த்து நடுவர் மன்றத்துக்கு இழுத்த வோடபோன் தொலைபேசி நிறுவனத்திடம் பட்டபிறகு வரிச் சட்டங்களுக்கு நீங்களே கொடுத்த விலக்குதான் இது.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெண்ணின் படத்தைப் போட்டு, யாரோ சமூக ஊடகத்தில் போலிக் கணக்கு தொடங்கி, அவருடைய வாடிக்கையாளர்களிடமே பணம் கேட்டார்கள். ஆள்மாறாட்டம் என்று புகார் வந்தால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றன அப்போதிருந்த 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள். அந்த ஊடக நிறுவனத்திடமிருந்து வந்ததோ, ‘எங்கள் விதிகள் எதையும் மீறவில்லை’ என்ற இயந்திரப் பதில். மறுபடி எழுதினால் எழுத்து மாறாமல் அதே பதில். பேச ஆளும் இல்லை, கூப்பிட எண்ணும் இல்லை. வீடு வீடாகப் போய் ‘அது நான் இல்லைக்கா’ என்று சொல்லிவிட்டு வந்தார். ஏமாந்து பணம் அனுப்பிய ஒருவருக்குக் கூலி வாங்காமல் ரவிக்கை தைத்துக் கொடுத்தார்.

அந்த நிறுவனத்துக்கு நம் சட்டம் பிடிக்காவிட்டால்? ஒப்பந்தம் இடம் கொடுத்தால், அதற்கு மூன்று நடுவர்கள் கிடைப்பார்கள். ஒருவரை அதுவே நியமிக்கலாம். அது அமெரிக்க நிறுவனம், அமெரிக்காவோடு நமக்கு அப்படி ஒப்பந்தம் இல்லையே என்பீர்கள். வேறு நாட்டு ஒப்பந்தம் வழியாகவும் வரலாம். வோடபோன் பிரிட்டன் நிறுவனம். வழக்குப் போட்டது நெதர்லாந்து ஒப்பந்தத்தைக் காட்டி. சிகரெட் பெட்டியில் நிறுவனச் சின்னம் கூடாது என்ற ஆஸ்திரேலியாவை, சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ் ஹாங்காங் ஒப்பந்தம் வழியாக இழுத்தது. 2015இல் தோற்றது, சரி. ஆனால் அந்த வழக்கைப் பார்த்தே நியூசிலாந்து அதே போன்ற தன் சட்டத்தை நிறைவேற்றாமல் காத்திருந்தது. அந்தத் தயக்கம்தான் அவர்களுக்கு லாபம்.

நாம் என்ன செய்கிறோம்? நடுவர் மன்றத்துக்குப் போகுமுன் முதலீட்டாளர் இந்திய நீதிமன்றங்களில் வழக்காட வேண்டிய 5 ஆண்டுகளை, 2024 அமீரக ஒப்பந்தத்தில் 3 ஆண்டுகளாகக் குறைத்துக் கொடுத்தோம். அரசுக்குப் பிடிக்காத பதிவுகள் மட்டும் சில மணி நேரத்தில் மறைந்துவிடுகின்றன. அதற்கெல்லாம் அந்த நிறுவனங்களில் ஆள் இருக்கிறார்கள் போல. சரி, அது வேறு மடலுக்கான விஷயம்.

2015இல் மாதிரி வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தது உங்கள் அரசுதான். இந்தமுறையும் அப்படியே வையுங்கள், தமிழிலும். அந்த ஒரு வரியை அதில் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தையல் கடைக்கு எதிர்வீட்டுக்காரன்