டாங்காவில் மாண்ட பாளையங்கோட்டைப் பட்டாளத்தினருக்கு நினைவுக் கல் வேண்டி மனு

அனுப்புநர்:
மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹவில்தார்,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருநெல்வேலி.

(மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரில் அளிக்கப்படுவது)

பொருள்: முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் போரிட்ட 63-வது பாளையங்கோட்டை இலகு காலாட்படையின் வீரர்களுக்குப் பாளையங்கோட்டையில் பெயர் பொறித்த நினைவுக் கல் அமைத்தல், மாவட்டத்தில் உள்ள போர் நினைவுக் கல்வெட்டுகளைக் கணக்கெடுத்துப் பாதுகாத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

நமது ஊரின் பெயரைத் தாங்கி ஒரு காலாட்படைப் பட்டாளம் இருந்தது. அந்தப் பட்டாளத்தின் வரலாறு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. 1914 நவம்பர் 4-ஆம் தேதி, இன்றைய தான்சானியாவில் உள்ள, அன்று ஜெர்மானியர் வசமிருந்த டாங்கா துறைமுகத்தின் புதர்க்காடுகளில் அந்தப் பட்டாளத்தின் சிப்பாய்கள் செத்து விழுந்தார்கள். பாளையங்கோட்டையில் அவர்களுக்கென்று ஒரு கல்கூட இல்லை. மிலிட்டரி லைன் என்று அன்றாடம் முகவரி எழுதும் மக்களிலும் பெரும்பாலோருக்கு இப்படியொரு பட்டாளம் இருந்தது தெரியாது. இந்த நிலையை மாற்ற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இப்பட்டாளம் 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்கரைச் சிப்பாய்ப் படையாகத் தொடங்கியது. பின்னர் மதராஸ் ராணுவத்தின் 3-வது காலாட்படை ஆனது. 1903-இல் கிச்சனர் பிரபு ராணுவத்தைச் சீரமைத்தபோது, மதராஸ் பட்டாளங்களின் பழைய எண்ணோடு அறுபது சேர்க்கப்பட்டதால் 63-வது பாளையங்கோட்டை இலகு காலாட்படை ஆனது. பெயர் நம் ஊருடையது என்றாலும், ஆட்கள் நெல்லைச் சீமையிலிருந்து மட்டும் வந்தவர்கள் அல்லர். சென்னை மாகாணத்து முஸ்லிம்கள், தமிழ் இந்துக்கள், பறையர்கள், கிறிஸ்தவர்கள் என்று பல சமூகத்தாரும் அதில் இருந்தார்கள். சாதியின் பெயரால் ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க விடாத காலத்தில், பறையர் வீட்டுப் பிள்ளை சீருடையும் சம்பளமும் ஓய்வூதியமும் பெற்ற இடங்களில் ராணுவமும் ஒன்று. இந்த ஒரு காரணத்துக்காகவே அவர்களுடைய வரலாறு காக்கப்பட வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

அந்த நாட்களில் ஆங்கில அதிகாரிகளிடம் ஒரு கோட்பாடு வேரூன்றியிருந்தது. வடமேற்கு மக்கள்தாம் போர்க்குடிகள், தென்னாட்டவருக்குச் சண்டை வராது என்றார்கள். மதராஸில் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபுவே இதை உரக்கச் சொன்னவர். அதன் விளைவாக மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சில பட்டாளங்களில் மதராஸ் ஆட்களை நீக்கிவிட்டுப் பஞ்சாப் ஆட்களைச் சேர்த்தார்கள். எஞ்சியவற்றில் பெரும்பாலானவை எல்லைப் போர்களுக்கு அனுப்பப்படாமல் முகாம்களிலேயே கிடந்தன. சண்டைக்கே அனுப்பாமல் வைத்திருந்து, சண்டை தெரியாதவன் என்று முத்திரை குத்தினார்கள். சீருடை அணிந்த எவருக்கும் இதில் உள்ள அநியாயம் புரியும்.

முதல் உலகப் போர் மூண்டதும் பெங்களூர் பிரிகேடில் இருந்த 63-வது பட்டாளத்தைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட அந்தப் படைக்கு மேஜர் ஜெனரல் எய்ட்கென் தலைவர். 1914 அக்டோபர் 16-ஆம் தேதி பம்பாயிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. படையில் சில பட்டாளங்களுக்குப் புதிய லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளைப் புறப்படும் தறுவாயில்தான் கையில் கொடுத்தார்கள். நான் பணியில் இருந்த காலத்தில், புது ஆயுதம் ஒன்று வந்தால் அதைப் பிரித்துப் பூட்டி, சுட்டுப் பழகி, கண்ணை மூடிக்கொண்டும் கையாளும் அளவுக்கு வந்த பிறகே களத்துக்கு எடுத்துச் செல்வோம். அந்தச் சிப்பாய்களுக்கு அந்த அவகாசம் தரப்படவில்லை.

கடற்பயணத்தில் அவர்கள் நெருக்கடியான கப்பல்களில் அடைபட்டு, வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தார்கள். மொம்பாசாவை அடைந்தபோது, ஆட்களைக் கரையில் இறக்கிச் சில நாட்கள் ஓய்வு கொடுக்கலாம் என்ற யோசனையை எய்ட்கென் ஏற்கவில்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளை நன்கறிந்த உள்ளூர்ப் படையை உதவிக்கு அழைத்துக்கொள்ளவும் அவர் விரும்பவில்லை. நவம்பர் 2-ஆம் தேதி காலை ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பல் டாங்கா துறைமுகத்துக்குள் தனியாகச் சென்று, போர் தொடங்கப்போகிறது என்று ஜெர்மானியருக்கு முன்னறிவிப்புக் கொடுத்தது. பிறகு கண்ணிவெடிகளைத் தேடுவதில் பொழுது போனது. அந்த இடைவெளியில் ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக், மோஷியிலிருந்து உசம்பாரா ரயில் பாதை வழியாகத் தன் படைகளை டாங்காவுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். நாங்கள் வருகிறோம் என்று எதிரிக்குச் சொல்லி, அவன் தயாராகும் வரை காத்திருந்து, பிறகு சிப்பாயை முன்னே தள்ளியிருக்கிறார்கள்.

முதலில் இறக்கப்பட்ட 13-வது ராஜபுத்திரப் பட்டாளமும் மதராஸ் ஆட்களைக் கொண்ட 61-வது பயோனியர்களும் நவம்பர் 3-ஆம் தேதி விடியலில் முன்னேறி, அடிபட்டுத் திரும்பினார்கள். மறுநாள் நண்பகல் வெயிலில் எல்லாப் பட்டாளங்களையும் ஒருசேர முன்னேறச் சொன்னார்கள். முன்கூட்டியே உளவு பார்க்கவில்லை. மலைப் பீரங்கிகள் கரைக்கு இறக்கப்படாமல் கப்பல் தளத்திலிருந்தே சுட்டன. அங்கிருந்து பார்த்தால் காட்டுக்குள் யார் எங்கே நிற்கிறார் என்பதே தெரியாது. ரப்பர், தென்னைத் தோட்டங்களும் அடர்ந்த புதருமாக இருந்த அந்தத் தரையில் பக்கத்தில் வருபவனைக்கூடப் பார்க்க முடியாத நிலை. தண்ணீர் தீர்ந்து மயங்கி விழுந்தவர்கள் பலர். இயந்திரத் துப்பாக்கிகள் எதிரே சுடத் தொடங்கியபோது 63-வது பட்டாளத்தின் அணி உடைந்தது. பலர் கடற்கரையை நோக்கி ஓடினார்கள்.

இதை நான் மறைக்கவோ மெழுகவோ விரும்பவில்லை. அவர்கள் ஓடியது உண்மை. அதே காட்டில் நின்று போரிட்டு மடிந்தவர்கள் அதே பட்டாளத்தில் இருந்தார்கள் என்பதும் உண்மை. 98-வது காலாட்படையைத் தேனீக்கூட்டம் கொட்டிச் சிதறடித்த கதையை உலகமே சொல்லிச் சிரித்தது. பாளையங்கோட்டைச் சிப்பாய்களைப் பற்றி எழுதியவர்கள் ஓரிரு வரியில் கோழைகள் என்று தீர்ப்பு எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேரை எதிர்த்து எட்டாயிரம் பேர் சென்ற போரில், இந்தியப் படைத் தரப்பில் 800-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காயமுற்றோ வீழ்ந்தார்கள். நவம்பர் 5-ஆம் தேதி மீதிப் பேர் கப்பலேறினார்கள். 16 இயந்திரத் துப்பாக்கிகளும் பல லட்சம் தோட்டாக்களும் கரையிலேயே விடப்பட்டன. இந்தத் தோல்விச் செய்தியை லண்டன் அரசு மாதக்கணக்கில் மக்களிடம் சொல்லவில்லை.

ஆட்சித் தலைவர் அவர்களே, இந்த மனுவில் எனக்கு மிக முக்கியமானது இனி நான் சொல்லப்போவதுதான். தோல்விக்காக எய்ட்கெனின் பதவி குறைக்கப்பட்டு, அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்த பிறகு அவருக்காகப் பேச ஆட்கள் இருந்தார்கள். அவர் மீதிருந்த பழி அதிகாரபூர்வமாக நீக்கப்பட்டது. தலைவனுக்கு அந்த நீதி கிடைத்தது. அவன் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து கரையிறங்கிய சிப்பாய்க்காகப் பேச அன்று ஒருவரும் இல்லை. போருக்குப் பிந்தைய சீரமைப்பில் பட்டாளமே கலைக்கப்பட்டுவிட்டதால், பழியை எடுத்துச் சொல்லித் துடைக்க வேண்டிய வாரிசுப் படையும் இல்லாமல் போயிற்று. மற்றப் பல பட்டாளங்களின் புகழை இன்றும் ஏதோ ஒரு ரெஜிமெண்ட் சுமக்கிறது. 63-வது பட்டாளத்துக்கு எஞ்சியிருப்பது அதற்குப் பெயர் கொடுத்த ஊர் மட்டுமே. ஆகவேதான் ராணுவ அமைச்சகத்துக்குப் போகாமல் தங்களிடம் வந்திருக்கிறேன்.

தென்னாட்டானுக்குச் சண்டை வராது என்ற சொல்லுக்கு இரண்டாம் உலகப் போரில் மதராஸ் ரெஜிமெண்டை மீண்டும் எழுப்ப நேர்ந்ததே விடை. பர்மாவிலும், சுதந்திரத்துக்குப் பின் காஷ்மீரிலும், 1965, 1971 போர்களிலும் அதன் பட்டாளங்கள் செய்ததை நாடு அறியும். வெலிங்டனில் பயிற்சி முடித்து வந்த என்னைப் போன்றவர்கள் 'வீர மதராசி, அடி கொல்லு' என்று முழங்கியபோது, எங்களுக்கு முன்னால் அதே மண்ணிலிருந்து சென்று பெயரில்லாமல் போனவர்களைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை.

அந்நியனுக்காகப் போரிட்ட கூலிப்படைக்கு அரசு ஏன் கல் நாட்ட வேண்டும் என்று தங்கள் அலுவலகத்திலேயே சிலர் கேட்கக்கூடும். கட்டபொம்மனும் ஊமைத்துரையும் வாழ்ந்த சீமை இது. இந்தக் கேள்வி இங்கே எழுவது இயல்பு. அதற்கு என் பதில் இது. சென்னைக் கடற்கரையில் உள்ள போர் நினைவுச் சின்னம் முதல் உலகப் போரில் வென்ற தரப்புக்காக எழுப்பப்பட்டது. அங்கே இன்றும் நமது ராணுவம் மலர்வளையம் வைக்கிறது. டெல்லி இந்தியா கேட்டின் சுவர்களில் அந்தக் கால வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் சுமார் 13 லட்சம் பேர், மாண்டவர்கள் 74,000 பேர். இவர்கள் யாரும் பிரிட்டிஷ் பேரரசின் கொள்கையை வகுத்தவர்கள் அல்லர். வயிற்றுப்பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள். பேரரசைக் கொண்டாடும் வாசகம் எதுவும் கல்லில் வேண்டாம் என்பதில் நானும் உறுதியாக இருக்கிறேன். அவர்கள் வென்றார்கள் என்று எழுதவும் வேண்டாம். இன்ன பட்டாளம், இன்ன இடம், இன்ன நாள், மாண்டவர்களின் பெயர்கள். அது போதும்.

பெயர்கள் கிடைக்குமா என்ற ஐயம் வேண்டாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் டாங்காவில் நினைவிடம் ஒன்றைப் பராமரித்து வருகிறது. அதன் பதிவேடுகளில் பட்டாளத்தின் பெயரைக் கொண்டு தேட முடியும். இந்திய வீரர்களுக்கான பல பதிவுகளில் தந்தை பெயர், ஊர், தாலுகா வரை குறிக்கப்பட்டிருக்கிறது. ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்த வீரர்களுக்கு உரிய நினைவு மரியாதை தரப்படவில்லை என்பதை அந்த ஆணையமே 2021-இல் வெளியிட்ட தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. 1,16,000 பேருக்குக் குறையாமல், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர் வரை, பெயரோ நினைவுச் சின்னமோ இல்லாமல் விடப்பட்டார்கள் என்கிறது அந்த அறிக்கை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தவர்கள். எனவே மாவட்ட நிர்வாகத்திலிருந்து அதிகாரபூர்வக் கடிதம் ஒன்று சென்றால் ஆணையம் ஒத்துழைக்கும் என்று நம்புகிறேன். தனிமனிதன் எழுதுவதற்கும் ஆட்சியர் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்கள் அறிவீர்கள்.

ஆகவே, 63-வது பட்டாளத்திலும் 61-வது பயோனியர்களிலும் கிழக்கு ஆப்பிரிக்காவில் இறந்தவர்களின் பட்டியலை அந்த ஆணையத்திடமிருந்து தமிழக அரசின் வழியாகக் கேட்டுப் பெறுமாறு வேண்டுகிறேன். பட்டியல் கிடைத்ததும், பாளையங்கோட்டையில் உள்ள அரசு அருங்காட்சியக வளாகத்திலோ, பழைய கோட்டையின் எஞ்சிய வாயிற்பகுதி அருகிலோ தமிழில் பெயர்கள் பொறித்த கல் ஒன்றை நிறுவ ஆணையிட வேண்டும். இடம் சிறியதாக இருந்தாலும் போதும். ஆனால் மக்கள் நடமாடும் இடமாக இருக்க வேண்டும். பூட்டிய கதவுக்குப் பின்னால் வேண்டாம்.

இதோடு இன்னொரு வேலையும் அவசரமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த சிறு கல்வெட்டுகள் தமிழகத்தின் பல ஊர்களில் பழைய பள்ளிகள், சாவடிகள், அலுவலகங்களின் சுவர்களில் பதிக்கப்பட்டுள்ளன. கட்டடம் இடிக்கப்படும்போது அவையும் செங்கல்லோடு செங்கல்லாகக் குப்பைக்குப் போய்விடுகின்றன. சுண்ணாம்பும் பெயிண்டும் பூசி எழுத்தே தெரியாமல் போனவையும் உண்டு. நமது மாவட்டத்தில் இவை எங்கெங்கே இருக்கின்றன என்று கிராம நிர்வாக அலுவலர்கள் மூலம் கணக்கெடுத்துப் படம் எடுத்துப் பதிவு செய்யவும், கட்டடம் இடிக்கும் முன் கல்லைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கவும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. தாமதம் செய்தால் மட்டுமே இழப்பு. ஒருமுறை உடைந்த கல்லைத் திரும்பப் பெற வழியில்லை.

கல் நிறுவப்பட்டால், ஆண்டுதோறும் நவம்பர் 4-ஆம் தேதி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அங்கே மலர்வளையம் வைக்கும் பொறுப்பை மாவட்டத்து முன்னாள் ராணுவத்தினர் ஏற்றுக்கொள்வோம். கல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் வேலையையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். பெயர்ப் பட்டியலைத் தமிழில் பிழையில்லாமல் எழுதித் தருவதிலும், ஊர்ப் பெயர்களை இன்றைய வருவாய்க் கிராமங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதிலும் என்னாலான உழைப்பைத் தரத் தயாராக இருக்கிறேன். பதிவேடுகளில் ஆங்கிலேய எழுத்தர்கள் ஊர்ப் பெயர்களை எழுதிய விதத்தைப் பார்த்தால், உள்ளூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அந்த வேலை நடக்காது.

இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஹவில்தார், மதராஸ் ரெஜிமெண்ட்
பாளையங்கோட்டை

நகல்:
உதவி இயக்குநர், முன்னாள் படைவீரர் நலன், திருநெல்வேலி
காப்பாட்சியர், அரசு அருங்காட்சியகம், திருநெல்வேலி