கதவு சாத்திய ஓர் அறை

ஆசிரியருக்கு வணக்கம்.

பட்டாசு ஆலை வெடிவிபத்தில் உயிர் தப்பிய என் நாத்தனாருக்குத் தீக்காயம் ஆறிவிட்டது. ஆனால் குக்கர் விசில் அடித்தால் இன்றும் வாசலுக்கு ஓடுகிறார். மதுரைக்குப் போய் மருத்துவரைப் பார்க்கலாம் என்றால் பஸ் ஏறவே பயம். இப்போது வாராவாரம் வீடியோ அழைப்பில் சிகிச்சை. தோள்களை மாறி மாறித் தட்டியபடி நடந்ததை நினைக்கச் சொல்கிறார் ஆலோசகர். கொஞ்சம் தூக்கம் வருகிறது.

சிக்கல் வீட்டில்தான். ஒற்றை அறையில் மாமியாரும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்க, யாரால் மனம்விட்டுப் பேச முடியும்? (மாடிப்படியில் உட்கார்ந்தால் பக்கத்து வீடு கேட்கிறது.) 2022 முதல் இயங்கும், தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவையான டெலி மானஸ் 14416 நல்ல ஏற்பாடு; அதற்கும் தனிமை வேண்டுமே.

விருதுநகர் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் கதவு சாத்திய ஓர் அறையும் இணைய வசதியும் ஹெட்போனும் தந்தால் போதும். பழைய நினைவில் பதறுபவரைக் கைபிடித்து உட்கார வைக்கச் செவிலியரும் அருகில் இருப்பார். திரைக்கு அப்பால் இருப்பவரால் அது முடியாது. மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தரச் சொல்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். விபத்து நிவாரணம் அறிவிக்கும்போதே இந்தச் செலவையும் அரசு சேர்த்து அறிவிக்கட்டும்.

– ஒரு வாசகி, சாத்தூர்